வன்னித் தச்சுப்பட்டறைச் சக்கரவாள்: பாதுகாப்புக்கென்று வைத்த காசை முதலில் எதில் போடுவது?

பரந்தனில் இருந்து முல்லைத்தீவு போகும் ஏ35 வீதியிலும், மாங்குளம், மல்லாவி, நெடுங்கேணிப் பக்கங்களிலும் தச்சுப்பட்டறைகளில் ஓடும் சக்கரவாள்கள் பல, பெட்டியோடு கடையில் வாங்கியவை அல்ல. ஆங்கிள் இரும்பில் ஒட்டிய சட்டம், இரண்டு பெயரிங்கில் ஒரு தண்டு, 3 குதிரைவலு மோட்டர், வி பெல்ட், 12 அங்குலக் கார்பைட் பிளேட், மேலே பலகையோ தகடோ போட்ட மேசை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எழும்பிய வீடுகளின் நிலையும் கதவும் யன்னலும் இப்படியான வாள்களில் அறுபட்டவைதான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பிளேட்டுக்கு மேல்மூடி இல்லை, பின்னால் நின்று வெட்டைப் பிரித்து வைக்கும் பிளவுக்கத்தி இல்லை, நிறுத்துவதற்குச் சுவரில் உள்ள சாதாரணச் சுவிச்.

இந்த வாளைப் பாதுகாப்பாக்க ஒருவரிடம் கொஞ்சக் காசு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விரல் பட்டவுடன் நிற்கும் வாள் வாங்கு என்பார் ஒருவர். மூடி போட்டால் போதும் என்பார் இன்னொருவர். சென்சர் பூட்டலாம் என்பார் மின்வேலை தெரிந்தவர். ஒவ்வொன்றும் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்காது, எங்கள் மரத்திலும் எங்கள் கரண்டிலும் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துத்தான் தெரிவு செய்ய வேண்டும். நாங்கள் எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை: பிளவுக்கத்தி, தள்ளுகோல், கரண்ட் போனால் தானே விழுந்து, திரும்பி வந்தாலும் வாளை ஓடவிடாத ஸ்ரார்ட்டர் ஆகிய மூன்றும் முதலில். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கை எப்படி வாளுக்குப் போகிறது

12 அங்குல பிளேட் நிமிடத்துக்கு 2880 சுற்று ஓடினால் பல்லின் நுனி செக்கனுக்கு 46 மீற்றர் போகிறது. மணிக்கு 165 கிலோமீற்றர். முன்பக்கப் பற்கள் மேலிருந்து கீழே வருவதால் மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே எழும்புகின்றன. அறுபட்ட வெட்டு பின்னால் மூடிக்கொண்டு பிளேட்டைக் கவ்வினாலோ, மரம் கொஞ்சம் திரும்பிப் பின்பற்களில் தட்டினாலோ, அந்தப் பற்கள் மரத்தைத் தூக்கி, தள்ளுகிறவரை நோக்கி எறியும். திருப்பி அடிப்பது என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். மரம் நெஞ்சுக்கோ வயிற்றுக்கோ போகும். அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை, தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல், அதே வேகத்தில் முன்னே போய் வாளில் விழும். கவனமில்லாமல் கையை விட்டான் என்று பிறகு சொல்வார்கள். கையை அவர் விடவில்லை, மரம் இழுத்துக்கொண்டு போனது.

எங்கள் மரங்கள் இதற்கு வாய்ப்பானவை. பாலையும் முதிரையும் பாரமான, வயிரமான மரங்கள். உள்ளே இறுகி நின்ற அழுத்தம் அறுக்கும்போது விடுபடும், வெட்டு அறுபட அறுபட மூடும். வேம்பில் நார் குறுக்கும் மறுக்கும் பின்னிக் கிடக்கும். பனஞ்சிலாகையில் வெளிப்பக்கம் கல்லாகவும் உட்பக்கம் சோற்றியாகவும் இருப்பதால் பிளேட் மெதுவான பக்கத்துக்கு இழுபடும். ஓடருக்கு அவசரம் என்று பாதி காய்ந்த மரத்தை அறுப்பது இதற்கெல்லாம் மேல். போர்க்காலத்தில் நின்ற மரம் என்றால் உள்ளே செல் சிதறலோ ரவையோ இருக்கக்கூடும். பல் அதில் பட்டால் கார்பைட் துண்டு உடைந்து பறக்கும். அதனால் பழைய காணி மரங்களை அறுக்க முன், கையில் பிடிக்கும் உலோகங்காணியால் ஒருமுறை பார்க்கலாம். காந்தம் மேற்பரப்பில் உள்ள ஆணிக்குத்தான் உதவும், ஆழத்தில் உள்ளதைக் காட்டாது. கண்ணாடியோ முகமறைப்போ இல்லாமல் இந்த மரங்களை அறுக்கவே கூடாது.

கை வாளுக்குப் போகும் இரண்டாவது வழி, அறுப்பின் கடைசிச் சாண். மரம் முடியும் இடத்தில் கை பிளேட்டுக்குக் கிட்டப் போகிறது. மூன்றாவது, ஓடக்கூடாத நேரத்தில் ஓடும் வாள்: கரண்ட் போய்த் திரும்பி வருவது, நிறுத்திய பிறகும் நெடுநேரம் சுற்றுவது. நாலாவதை எல்லோரும் மறக்கிறார்கள். மேசைக்குக் கீழே தூள் தட்டப் போன கை.

விரல் பட்டால் நிற்கும் வாள்

முதலில் இதைப் பேசி முடிப்போம், ஏனென்றால் எல்லோரும் இதைத்தான் காணொளியில் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999 இல் கண்டுபிடித்து, பின்னர் சோஸ்டொப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த முறை இது. பிளேட்டில் ஒரு சிறு மின்சமிக்ஞை எப்போதும் ஓடும். மனித உடல் மின்னைக் கடத்துவதால் தோல் பட்டவுடன் சமிக்ஞை மாறும். உடனே ஒரு அலுமினியக் கட்டையை ஸ்பிரிங் பிளேட்டின் பற்களுக்குள் திணிக்கும். 5 மில்லிசெக்கனுக்குள் பிளேட் நின்று, மேசைக்குக் கீழே விழுந்துவிடும். விரலில் கீறல்தான் மிஞ்சும். இது விளம்பரப் பேச்சு அல்ல, மெய்யாகவே அப்படித்தான் வேலை செய்கிறது. இந்தப் பயனை நாம் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆனால் எங்கள் பட்டறைக்கு மூன்று இடத்தில் இடிக்கிறது. விலை ஒன்று. இயங்கிய ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 100 அமெரிக்க டொலர் பெறுமதியான, அந்த அலுமினியக் கட்டை அடங்கிய கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டும், பெரும்பாலும் பிளேட்டும் போய்விடும். இது இரண்டு. மூன்றாவதுதான் தீர்க்கமானது. மிக ஈரமான மரமும் மின்னைக் கடத்தும், வாள் அதைக் கை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அதற்காகச் சென்சரை விலக்கி ஓட்டும் ஏற்பாடும் அந்த வாளிலேயே இருக்கிறது. பச்சை வேம்பும் பாதி காய்ந்த பாலையும் அறுக்கும் இடத்தில் அதைப் பெரும்பகுதி நேரம் விலக்கியே ஓட்டுவார்கள். அத்தனை காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு, மிக ஆபத்தான மரத்தை அறுக்கும்போது தூங்கும். காய்ந்த பலகையில் மட்டும் தளபாடம் செய்கிற, பலர் பயிலும் இடங்களுக்கு அது நல்ல தெரிவு. கூலிக்கு மரம் அறுக்கும் பட்டறைக்கு அல்ல.

இதையே மலிவாகச் செய்யலாமே என்று ஒளிக்கதிர்ச் சென்சரையோ தொடுகை போர்டையோ ரிலேயில் கொடுத்து மோட்டரை நிறுத்தப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்வம் நல்லது, கணக்கு உதவாது. நழுவிய கை செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் போகிறது என்று வைத்தால், 5 மில்லிசெக்கனில் 5 மி.மீ. நகரும். மோட்டருக்குப் போகும் கரண்டை வெட்டும் மின்காந்தச் சுவிச்சான கொன்டக்டர் திறப்பதற்கே 10 முதல் 20 மில்லிசெக்கன் எடுக்கும், அதற்குள் கை 1 முதல் 2 சென்ரிமீற்றர் போய்விடும். அதற்குப் பிறகும் பிளேட் நிற்காது. கரண்ட் இல்லாமலே பத்துச் செக்கனுக்கு மேல் சுற்றும். சென்சர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கை கிட்டப் போனால் நிலைமை முன்னையதிலும் மோசம். ட்ரிப் சுவிச் இருக்கிறது தானே என்று சொல்பவர்களுக்கும் இதே பதில். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் மின்னதிர்ச்சிக்கானது. வெட்டுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பிளவுக்கத்தி: எங்கள் முதல் தெரிவு

பிளேட்டுக்குப் பின்னால், அதே கோட்டில், பிளேட்டின் வளைவைப் பின்பற்றி நிற்கும் ஒரு உருக்குத் தகடு. வெட்டு மூடிக்கொள்ளாமல் பிரித்து வைக்கும். மரம் திரும்பிப் பின்பற்களுக்குப் போகாமல் தடுக்கும். திருப்பி அடிப்பதன் வேரையே அது அறுக்கிறது. மூடியும் பிரேக்கும் செய்யாத வேலை இது.

இரண்டு வகை உண்டு. மேசையில் நிரந்தரமாகப் பூட்டிய பிளவுத்தகடு ஒன்று. பிளேட்டை ஏற்றி இறக்கும்போது இடைவெளி மாறிவிடும், பிளேட்டைத் தாழ்த்தினால் தகடு உயர்ந்து நின்று இடைஞ்சல் தரும், உடனே கழற்றி மூலையில் போடுவார்கள். தண்டோடு சேர்ந்து நகரும் பிளவுக்கத்தி மற்றது. இறக்குமதி வாள்களில் பிந்தையதைப் பொருத்துவதற்குச் சிக்கலான தூக்கும் கை வேண்டும். இங்கேதான் எங்கள் வீட்டுச்செய் வாளுக்கு ஒரு வசதி கிடைக்கிறது. பலவற்றில் தண்டு அசையாது, மேசைப்பலகைதான் கீல் போட்டு உயர்ந்து தாழும். தண்டு அசையாததால், பெயரிங் பூட்டிய அதே சட்டத்தில் கத்தியைப் பூட்டினால் பிளேட்டுக்கும் கத்திக்கும் உள்ள இடைவெளி என்றைக்கும் மாறாது. விலை கூடிய வாளில் உள்ள ஏற்பாடு இரண்டு போல்ட்டில் கிடைத்துவிடுகிறது.

தடிப்புத்தான் உயிர். கத்தி, பிளேட்டின் தகட்டைவிடத் தடிப்பாகவும் பல்லின் வெட்டைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். பல் வெட்டு 3.2 மி.மீ., தகடு 2.2 மி.மீ. உள்ள சாதாரண 12 அங்குல பிளேட்டுக்கு 2.5 முதல் 2.8 மி.மீ. சரி. மரக்காலைகளில் கழித்த பெரிய வட்டவாள் தட்டு நல்ல பொருள். ஏற்கெனவே பதம் கொடுத்த உருக்கு என்பதால் வளையாது. வேர்ணியரால் அளந்து எடுங்கள். கைவாள் தகடு ஒரு மில்லிமீற்றர் அளவுதான், அது வளைந்து பிளேட்டில் தட்டும்.

பிளேட்டின் ஆரம் 152 மி.மீ. என்றால் கத்தியின் உள்வளைவை 157 மி.மீ. ஆரத்தில் கீறுங்கள். கிரைண்டர் வெட்டுத்தட்டால் வெட்டும்போது இடைக்கிடை தண்ணீரில் நனைக்க வேண்டும். நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று பொருள். மேசை மட்டத்தில் பல் நுனிக்கும் கத்திக்கும் இடையில் 3 முதல் 8 மி.மீ. மேல்நுனி, பிளேட்டின் மிக உயர்ந்த பல்லைவிட 2, 3 மி.மீ. தாழ்ந்து நிற்கட்டும். அப்போதுதான் தவாளிப்பு (மரத்தை ஊடறுக்காத பள்ளம்) வெட்டும்போதும் அதைக் கழற்ற வேண்டிய தேவை வராது. கழற்றத் தேவையில்லாத கத்திதான் பூட்டியபடி இருக்கும். முன்விளிம்பின் இரு பக்கத்தையும் அரத்தால் லேசாகச் சரித்துவிடுங்கள், மரம் தட்டாமல் ஏறும். அடியில் 10 மி.மீ. போல்ட் இரண்டு, நீள்துளை போட்டு, 12 மி.மீ. தடிப்பு இரும்புக் கட்டைகள் இரண்டுக்கு நடுவே கவ்வ வேண்டும். ஒற்றைப் போல்ட் போதாது, அதைச் சுற்றிக் கத்தி திரும்பும்.

நேர் பார்ப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு நேர்விளிம்பை பிளேட்டின் தகட்டோடு, பற்களுக்கு இடையில், அணைத்து வையுங்கள். 2.2 தகட்டுக்கு 2.6 கத்தி என்றால் ஒவ்வொரு பக்கமும் 0.2 மி.மீ. வெளியே நிற்க வேண்டும். அதாவது நேர்விளிம்பு கத்தியில் தொட்டு, தகட்டின் மறுநுனியில் தாள் இரண்டு மடிப்பு நுழையும் அளவு விலகும். மறுபக்கமும் அதே அளவு வர வேண்டும். ஒரு பக்கம் தொட்டு மறுபக்கம் தொடவில்லை என்றால் பின்னால் மெல்லிய தகட்டுத் துண்டு வைத்துச் சரிக்கட்டுங்கள். இது பிழைத்தால் மரம் பாதியில் இறுகும், தள்ளுகிறவர் பலங்கொண்ட மட்டும் தள்ளுவார், அடுத்த நாள் கத்தி குப்பையில் கிடக்கும். கத்தி மேல் குற்றமில்லை.

வேறு பிளேட் போட்டால் கணக்கு மாறும். மெல்லிய வெட்டு பிளேட்டுக்கு இதே கத்தி இறுகும். 10 அங்குல பிளேட் போட்டால் ஆரம் 127 மி.மீ. ஆகிவிடும், இடைவெளி 30 மி.மீ. வந்து கத்தி இருந்தும் இல்லாதது போல. பட்டறைக்கு ஒரே அளவு, ஒரே வெட்டு என்று முடிவு செய்வது காசும் மிச்சம், கையும் மிச்சம்.

மரத்தை அணைத்து நேராகத் தள்ளும் பக்கக் கைட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மேசை முழு நீளத்துக்கும் ஓடும் கைட், விரிந்து வரும் மரத்தைப் பிளேட்டோடு நெரிக்கும். நீளவாக்கில் சட்டம் அறுக்கும்போது கைட்டின் முன்முகம், மேசை மட்டத்தில் பிளேட்டின் முன்பற்களைத் தாண்டிய உடனே முடிய வேண்டும். இருக்கிற கைட்டில் ஒரு குறுகிய பலகையைத் திருகினால் அது நடந்துவிடும். செலவு ஒரு பலகைத்துண்டு.

தள்ளுகோலும் சீப்புப் பலகையும்

இவற்றை விளக்க நேரம் தேவையில்லை, செய்து வைக்கத்தான் வேண்டும். தள்ளுகோல் குறைந்தது 450 மி.மீ. நீளம், நுனியில் பறவை அலகு போல வெட்டு. 300 மி.மீ. இலும் குட்டையான மரத்துக்கும், நீள மரத்தின் கடைசி 300 மி.மீ. க்கும் கை வேண்டாம், கோல்தான். பிளைவூட் துண்டில் நாலைந்து வெட்டி, கைட்டிலேயே ஆணியில் தொங்கவிடுங்கள். எட்டிப் பிடிக்க முடியாத கோலை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். மரத்தைக் கைட்டோடு அணைத்துப் பிடிக்கும் சீப்புப் பலகைக்கு 20 மி.மீ. தடிப்புப் பலகையின் நுனியை 30 பாகை சரித்து, 6 மி.மீ. க்கு ஒன்றாக 60 மி.மீ. ஆழக் கீற்றுகள் போட வேண்டும். அதை பிளேட்டுக்கு முன்னால் மட்டும் பூட்டுங்கள். பிளேட்டுக்கு நேரே பூட்டினால் வெட்டை நெரித்து, எதைத் தடுக்க நினைத்தோமோ அதையே உண்டாக்கும்.

கையுறை போடாதீர்கள். பல் நூலைப் பிடித்தால் கை முழுவதும் போகும். சாரம் கட்டிக்கொண்டு பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்பதும் அப்படித்தான்.

ஸ்ரார்ட்டர்: கரண்ட் போய் வரும் ஊருக்கு

2022 இல் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தை எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்போதும் மழைக்காற்று அடித்தால் கரண்ட் போகும். சாதாரணச் சுவிச்சில் ஓடிய வாள் நின்றதும், மரத்தை வெளியே எடுக்கவோ தூளைத் தட்டவோ கை பிளேட்டுக்குப் போகிறது. சுவிச் இன்னும் போட்டபடி. கரண்ட் வருகிற நொடியில் பிளேட் ஓடும். இதைத் தடுக்க கொன்டக்டர் போட்ட ஸ்ரார்ட்டர் வேண்டும். கரண்ட் போனால் கொன்டக்டர் விழும், மீண்டும் பச்சைப் பொத்தானை அழுத்தும் வரை எழும்பாது.

அளவு பார்த்து வாங்க வேண்டும். 3 குதிரைவலு ஒற்றைக்கட்ட மோட்டர் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 15 அம்பியர் இழுக்கும், 25 அம்பியர் கொன்டக்டர் போடுங்கள். மும்முனை (மூன்று கட்ட) மோட்டர் என்றால் அதே வலுவுக்கு 5 அம்பியர் அளவுதான், 9 அம்பியர் கொன்டக்டர் தாராளம். அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் மோட்டரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயை மோட்டரின் பெயர்த்தட்டில் உள்ள அம்பியருக்கு வையுங்கள், அடிக்கடி விழுகிறது என்று கூட்டிவிடாதீர்கள். அது விழுந்தால் பிளேட் மழுங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வயரிங் நேரானது: லைன், ஓவர்லோட்டின் 95–96 முனைகள், சிவப்புப் பொத்தான், பச்சைப் பொத்தான், கொன்டக்டர்க் கொயிலின் ஏ1 முனை. பச்சைக்குச் சமாந்தரமாகக் கொன்டக்டரின் 13–14 துணைமுனை. ஏ2 நியூட்ரலுக்கு. பச்சைப் பொத்தானை உள்ளடங்கியதாகவும் சிவப்பைக் காளான் தலையாகவும் எடுங்கள். மின்வேலை தெரிந்தவருக்கு ஒரு மணி நேர வேலை.

எங்கள் பக்கத்தில் வருகிற கோளாறு ஒன்று உண்டு. ட்ரான்ஸ்போமருக்குத் தூரத்தில், கம்பிவழியின் கடைசியில் உள்ள பட்டறையில் பின்னேரம் வோல்ற் இறங்கும். 230 வோல்ற் கொயில் 85 சதவீதத்துக்கு, அதாவது 195 வோல்ற்றுக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. கடகடவென்று அடிக்கும், முனைகள் கருகும். கொன்டக்டர் பழுது என்று அதைக் கட்டையால் அழுத்திக் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கட்டினால் சிவப்புப் பொத்தானும் வேலை செய்யாது, ஓவர்லோட்டும் வேலை செய்யாது. மீற்றரில் இருந்து மெசினுக்கு வரும் வயர் போதிய தடிப்பா என்று முதலில் பாருங்கள். அது சரியென்றால் பாரமான அறுப்பை முற்பகலுக்கு மாற்றுங்கள்.

சிவப்புப் பொத்தானைக் கையால் தேட வேண்டி வரக்கூடாது. மரம் இறுகி நிற்கும்போது இரண்டு கையும் மரத்தில்தான் இருக்கும். மேசையின் முன்விளிம்புக்குக் கீழே பொத்தானைப் பூட்டி, அதன் முன்னால் கீல் போட்ட ஒரு பலகையைத் தொங்கவிட்டால் முழங்காலால் தட்டி நிறுத்தலாம். பச்சைப் பொத்தானுக்கு நேரே ஒரு துளை. வன்னியில் பொய்க்காலோடு தச்சுவேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். பொய்க்காலில் தட்டிய உணர்வு வராது, வேகமாக உயர்த்தவும் முடியாது. அவர் நிற்கும் நிலையில் நின்று பார்த்து, நல்ல காலின் பக்கத்துக்கோ, தொடையாலோ இடுப்பாலோ தள்ளும் உயரத்துக்கோ பலகையை வையுங்கள். ஒரு கை இல்லாதவர் அறுக்கும் மேசையில் சீப்புப் பலகை வசதி அல்ல, அதுதான் மற்றக் கை.

மேல்மூடியும் கீழ்மூடியும்

மேல்மூடி மேலிருந்து விழும் கையைத் தடுக்கும், தூளையும் பல் துண்டையும் தடுக்கும். திருப்பி அடிப்பதைத் தடுக்காது. அதனால்தான் பிளவுக்கத்திக்குப் பின்னால் வைக்கிறோம். 4 முதல் 6 மி.மீ. பொலிகாபனேற் எடுங்கள். பெர்ஸ்பெக்ஸ் மலிவு, ஆனால் அடிபட்டால் கூர்த்துண்டாக உடையும். வீட்டுச்செய் வாளில் மூடியின் பாரத்தைக் கத்தியில் ஏற்றாமல், சுவரிலோ தூணிலோ இருந்து 40 மி.மீ. ஜி.ஐ. குழாயில் கை நீட்டித் தொங்கவிடுவது நல்லது. கத்தியின் நேர் கெடாது, தவாளிப்பு வெட்டும்போது சும்மா மேலே தூக்கிவிடலாம். மரத்துக்கு மேல் 10 மி.மீ. அளவு இடைவெளி இருந்தால் போதும்.

கீழ்மூடியோ எல்லாவற்றிலும் மலிவு. பிளேட்டின் அடிப்பாதியைச் சுற்றிப் பிளைவூட்டில் ஒரு பெட்டி, அடியில் தூள் விழ வாய். பெல்ட்டுக்கு வலைத்தகட்டில் ஒரு கூடு. இதைச் செய்யாமல் மேல்மூடிக்குக் காசு தேடுவது முறையல்ல.

பிரேக்

ஐரோப்பிய நியமங்கள் நிறுத்தினால் 10 செக்கனுக்குள் பிளேட் நிற்க வேண்டும் என்கின்றன. மும்முனை மோட்டரில் டி.சி. பிரேக் போட்டு அதைச் சாதிக்கலாம். ஏ.சி. யை வெட்டி, அரைச் செக்கன் விட்டு, இரண்டு முனையில் டி.சி. கொடுத்தால் மோட்டர் தன்னைத்தானே பிடிக்கும். முனைகளுக்கிடையில் தடை 3 ஓம், பெயர்த்தட்டு 5 அம்பியர் என்றால் 8 அம்பியர் ஓட 24 வோல்ற் போதும். ஒரு ட்ரான்ஸ்போமர், பிரிட்ஜ் ரெக்டிபயர், டைமர், இரண்டாவது கொன்டக்டர். இரண்டு கொன்டக்டரும் ஒன்றாக எழும்பாதபடி ஒன்றின் மூடுமுனை (அது எழும்பினால் திறக்கும் முனை) வழியாக மற்றதன் கொயிலுக்குக் கரண்ட் போக வேண்டும். டைமர் 3, 4 செக்கனில் வெட்ட வேண்டும், வெட்டாமல் விட்டால் மோட்டரின் கம்பிச்சுற்று சூடேறி எரியும்.

ஆனால் வீட்டுச்செய் தண்டில் இதைப் பூட்ட முன் ஒன்றைப் பாருங்கள். பிளேட்டை வெறும் நட்டு மட்டும் பிடித்திருந்தால், திடீரென்று தண்டு நிற்கும்போது பிளேட் தொடர்ந்து சுற்றப் பார்த்து நட்டைத் தளர்த்தும். பிளேட்டையும் அதை இருபக்கமும் இறுக்கும் தட்டான பிளாஞ்சையும் தண்டோடு பூட்டும் ஊசியோ சாவியோ இல்லாமல் பிரேக் வேண்டவே வேண்டாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையமும் இருக்கின்றன. ஒற்றைக்கட்ட மோட்டருக்குப் பாதுகாப்பான மலிவுப் பிரேக் ஒன்றை வடிவமைப்பது மாணவர் செயற்றிட்டத்துக்கு நல்ல வேலை. எது எப்படியோ, ஓடி முடியும் பிளேட்டின் பக்கத்தில் கட்டையை அழுத்தி நிறுத்தும் பழக்கத்தை இன்றைக்கே விட வேண்டும்.

புதிதாக வாங்குவதா, மார்பிள் கட்டரை மாற்றுவதா

பெட்டியோடு வரும் 10 அங்குலச் சிறிய வாளில் பிளவுக்கத்தியும் மூடியும் முழங்கால் எட்டும் நிறுத்தியும் பெரும்பாலும் பூட்டியே வரும். யன்னல் சட்டம், தட்டு, அலுமாரி வேலைக்கு அது போதும், வாங்க முடிந்தால் வாங்கலாம். 4 க்கு 3 அங்குலப் பாலை நிலையை நாள் முழுவதும் அறுக்க அதன் சிறு மோட்டர் தாங்காது, மேசையும் லேசு, பாரமான மரத்தோடு சரியும். அந்த வேலைக்குப் பழைய ஆங்கிள் இரும்பு வாளைத் திருத்துவதே மேல்.

மார்பிள் கட்டரைத் தலைகீழாகப் பலகையில் பூட்டி, சுவிச்சைக் கயிற்றால் கட்டி ஓட்டுவதைத் தெரிவுகளில் ஒன்றாகவே நாங்கள் எண்ணவில்லை. நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றளவில் ஓடும் சாதனம். கத்தி பூட்ட இடமில்லை, நிறுத்தி இல்லை, அதன் காப்புமூடி தரையோடு வெட்டும் வேலைக்கானது. கிரைண்டரில் மரவாள் தட்டுப் போடுவதும் இதே கணக்குத்தான்.

எந்தப் பட்டறைக்கு எது

தனியாக வேலை செய்பவர், கையில் காசு இல்லை: இந்தக் கிழமை தள்ளுகோல், குறுகிய கைட், கீழ்ப்பெட்டி, பெல்ட் கூடு. எல்லாம் பட்டறைக் கழிவிலேயே வரும். அடுத்த ஓடர்க் காசில் பிளவுக்கத்தி, அதற்கு அடுத்ததில் ஸ்ரார்ட்டர். வேலைக்கு ஆள் வைத்திருப்பவருக்குத் தவணை கிடையாது, மூன்றும் ஒன்றாகப் பூட்டிய பிறகுதான் அவரை மேசைக்கு விட வேண்டும். ஆபத்தான இயந்திரத்துக்குக் காப்புப் போடுவதை 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் கேட்கிறது. மும்முனைக் கரண்டும் சாவி போட்ட தண்டும் உள்ளவர் மேல்மூடிக்குப் பிறகு பிரேக்கை யோசிக்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு விபத்து நடந்தால் செய்ய வேண்டியதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வெட்டுப்பட்ட இடத்தைச் சுத்தமான துணியால் இறுக அழுத்திக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்ரிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைக்க வேண்டும். விரல் ஐஸில் நேரே படக்கூடாது, பட்டால் தசை உறைந்து பொருத்த முடியாமல் போகும். அம்புலன்ஸ் இலக்கம் 1990, கட்டணம் இல்லை.

பிளேட் மாற்றும் ஒவ்வொரு நாளும் கத்தியின் நேரைத் திரும்பப் பாருங்கள். அதற்கான நேர்விளிம்பை ஒரு துளை போட்டு வாளின் காலிலேயே தொங்கவிட்டால், தேடுகிற நேரமும் மிச்சம்.